ரோசியும் ராஜம்மாளும்: ஒரு முன்னோடியின் தடம் தேடி

மலையாளத் திரையுலகின் முதல் நாயகி பி.கே. ரோசிக்கு இரண்டு குடும்பங்கள். திருவனந்தபுரத்தில் இருக்கும் பிறந்த வீட்டுச் சொந்தங்கள் அவருடைய கதையை ஒரு குறிப்பிட்ட இரவு வரை சொல்வார்கள். அதன் பிறகு அவர் எங்கே போனார், எப்படி வாழ்ந்தார் என்பது நெடுங்காலம் அவர்களுக்கே சரிவரத் தெரியாது. நாகர்கோவிலில் அவர் கட்டிய குடும்பத்துக்கோ அந்த இரவுக்குப் பிந்தைய ராஜம்மாளைத்தான் தெரியும். அம்மா ஒரு காலத்தில் சினிமாவில் நடித்தவர் என்ற விஷயம் பெற்ற பிள்ளைகளுக்கே ஏறக்குறைய மறைந்து கிடந்தது. இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 65 கிலோமீட்டர்தான் தூரம். ஆனாலும் ஒரே பெண்ணின் வாழ்க்கையின் முன்பாதியும் பின்பாதியும் ஒன்றையொன்று அறியாமல் பல ஆண்டுகள் கிடந்தன.

குடும்ப வரலாற்றைத் தேடிப் போகிறவர்கள் பொதுவாக ஒரு நம்பிக்கையோடு தொடங்குகிறார்கள்: முன்னோரைப் பற்றிய உண்மை வீட்டுக்குள் எங்கோ இருக்கிறது, பாட்டியைக் கேட்டால் கிடைக்கும், பெட்டியைத் திறந்தால் அகப்படும். ரோசியின் கதை இந்த நம்பிக்கையைக் குலைத்துவிடுகிறது. சில முன்னோடிகளின் வாழ்க்கையில் நினைவு தொலைந்துபோன இடமே வீடுதான். அவர்களைக் கண்டுபிடிக்க வேறு பாதை வேண்டும். அந்தப் பாதை எப்படிப்பட்டது என்பதை, ரோசியையும் அவரை நடிக்க வைத்த ஜே.சி. டேனியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

தாள் விட்டுச் சென்ற மனிதர்

ஜோசப் செல்லையா டேனியல் வசதியான நாடார் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை மருத்துவர். டேனியலுக்கு வாட்போர், களரிப்பயிற்று போன்ற தற்காப்புக் கலைகளில் ஈடுபாடு அதிகம். ‘இந்தியன் ஆர்ட் ஆஃப் ஃபென்சிங் அண்ட் ஸ்வோர்ட் பிளே’ என்று ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதி 1915இல் வெளியிட்டார். இந்தக் கலைகளை மக்களிடம் கொண்டுபோகச் சினிமாதான் தக்க வழி என்ற எண்ணமே அவரைப் படம் எடுக்கத் தூண்டியது என்பார்கள். தொழில் கற்றுக்கொள்ளச் சென்னைக்கும் பம்பாய்க்கும் போனார். பம்பாயில் ஸ்டூடியோக்களுக்குள் நுழைவதற்காக, மாணவர்களுக்குச் சினிமாவைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வந்த ஆசிரியர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டதாக ஒரு செய்தியும் உண்டு. திரும்பி வந்து சொத்தை விற்று, 1926இல் திருவனந்தபுரத்தின் பட்டம் பகுதியில் திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் ஒரே படைப்பு ‘விகதகுமாரன்’. கதை, இயக்கம், தயாரிப்பு, நாயகன் எல்லாம் அவரே.

இத்தனை விவரம் கிடைக்கிறதென்றால் அதற்குக் காரணம், டேனியல் தாள் விட்டுச் சென்ற மனிதர் என்பதுதான். அச்சிட்ட புத்தகம், நிறுவனத்தின் பெயர், நிலம் கைமாறிய பத்திரம், தேவாலயப் பதிவேடு என்று எங்காவது ஒரு தடயம் மிஞ்சும். ஆனால் தாள் இருந்துவிட்டால் எல்லாம் தெளிவாகிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. அவர் பிறந்த ஆண்டை 1893 என்றும் எழுதுகிறார்கள், 1900 என்றும் எழுதுகிறார்கள். இரண்டாவது சரியென்றால் தற்காப்புக் கலை பற்றிய நூலை எழுதியவர் பதினைந்து வயதுப் பையன்! 1893 என்று வைத்தால் இருபத்திரண்டு வயது இளைஞர்; அதுதான் பொருத்தமாகப் படுகிறது. புத்தகத்தின் பதிப்பாண்டே இங்கே பிறப்பாண்டுக்குச் சாட்சி சொல்ல வருகிறது. குடும்ப வரலாற்று ஆய்வில் இது நல்ல பழக்கம்: ஒரு தேதியைத் தனியே நம்பாமல், அந்த ஆள் வாழ்க்கையில் செய்த வேறொரு காரியத்தோடு அதை உரசிப் பார்ப்பது.

பிறந்த ஊரிலும் இதே சிக்கல். சிலர் நெய்யாற்றின்கரை என்கிறார்கள், சிலர் அகஸ்தீஸ்வரம் என்கிறார்கள். அன்றைக்கு இரண்டும் ஒரே திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த ஊர்கள். யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்கள் பிரிந்தபோது நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது, அகஸ்தீஸ்வரம் சென்னை மாநிலத்துக்கு வந்தது. வீட்டுப் பேச்சில் ஒரு சின்ன வேறுபாடாக இருந்தது, அரசாங்கக் கோப்பில் ஓர் ஆளின் தலையெழுத்தாக மாறியது. அதைப் பின்னால் பார்ப்போம்.

படத்துக்குப் போட்ட பணத்திலும் கவனம் வேண்டும். டேனியல் விற்ற நிலத்தின் விலை ஏறக்குறைய 4 லட்சம் ரூபாய் என்று பரவலாக எழுதப்படுகிறது. 1920களில் அது மலைக்க வைக்கும் தொகை. மூத்தோரின் தியாகத்தைச் சொல்லும்போது தொகை வாய்க்கு வாய் வளர்வது எல்லாக் குடும்பங்களிலும் நடப்பதுதான். இதைத் தீர்மானிக்க வேண்டியது கிரயப் பத்திரம். பெருமைப் பேச்சு அன்று.

ஓர் இரவும் இரண்டு தேதிகளும்

‘விகதகுமாரன்’ மௌனப் படம். புராணக் கதைகளே பெரும்பாலும் திரையில் ஓடிய காலத்தில் டேனியல் குடும்பக் கதையை எடுத்தார். திருவிதாங்கூரின் செல்வந்தர் வீட்டுப் பையனை வில்லன் கடத்திக்கொண்டு இலங்கைக்குப் போகிறான். பையன் அங்கே தோட்டத்தில் கூலியாக வளர்ந்து, துரையின் அன்பைப் பெற்று உயர்கிறான். தூரத்து உறவினன் ஒருவன் இலங்கைக்குப் போன இடத்தில் இருவரும் நண்பர்களாகிறார்கள். ஊர் திரும்பிய பிறகு முதுகிலுள்ள தழும்பைக் கொண்டு பையன் யாரென்று குடும்பம் அடையாளம் காண்கிறது. பிள்ளைப் பருவத்துப் பையனாக டேனியலின் மகனே நடித்தான். பையனின் தங்கை சரோஜினி, நாயர் வீட்டுப் பெண். அந்த வேடத்துக்கு முதலில் பம்பாயிலிருந்து ஒரு நடிகையை வரவழைத்தார்கள். அது சரிப்பட்டு வரவில்லை. பிறகு கிடைத்தவர்தான் ரோசி.

ரோசி திருவனந்தபுரம் நந்தன்கோட்டில் பிறந்தவர். புலையர் சமூகத்தில் ஏழைக் குடும்பம். பிறந்த தேதி 1903 பிப்ரவரி 10 என்று இன்று வழங்குகிறது. புல்லறுத்து விற்று வயிறு வளர்த்தவர் என்று சொல்வார்கள். காக்காரிசி நாடகத்தில் நடித்துப் பழகியவர். சிவனும் பார்வதியும் குறவர் வேடத்தில் ஊர் ஊராக வருவதைச் சொல்லும் இந்தக் கூத்து, தமிழும் மலையாளமும் கலந்த பேச்சில் தென்திருவிதாங்கூரில் நடந்தது. பெண் வேடத்தையும் ஆண்களே கட்டி ஆடிவந்த அரங்கில் ஒரு பெண் துணிந்து ஏறியதே பெரிய காரியம். டேனியலின் கண்ணில் பட்டது அந்தத் திறமைதான்.

படம் திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் திரையிடப்பட்டது. தொடங்கிவைத்தவர் பெயர்பெற்ற வழக்கறிஞர் மள்ளூர் கோவிந்தப் பிள்ளை. ரோசி அரங்குக்குள் இருந்தால் நாங்கள் வரமாட்டோம் என்று மேல்சாதிப் பெரியவர்கள் அடம்பிடித்ததால், தான் நடித்த படத்தைப் பார்க்க ரோசிக்கு உள்ளே இடமில்லாமல் போனது. புலையப் பெண் நாயர்ப் பெண்ணாகத் திரையில் வந்ததையும், அவர் தலையில் சூடிய பூவை நாயகன் முத்தமிடுவதையும் கண்டு கூட்டம் கொதித்தது. கல் எறிந்தார்கள், திரையைக் கிழித்தார்கள். ரோசியின் குடிசைக்கும் தீ வைத்தார்கள் என்பது அன்றிலிருந்து வழங்கிவரும் செய்தி. அவர் ஊரைவிட்டு ஓடினார்.

இது எந்த இரவு? 1928 நவம்பர் 7 என்று நெடுங்காலமாக எழுதி வந்தார்கள். பிற்கால ஆய்வாளர்கள் சிலர் 1930 அக்டோபர் 23 என்று வாதிடுகிறார்கள். சினிமா வரலாற்றுக்காரருக்கு இது எது முதல் படம், எத்தனையாவது ஆண்டு விழா என்ற கேள்வி. குடும்ப வரலாறு எழுதுபவருக்கோ இதைவிடப் பெரியது. ரோசியின் இரண்டு வாழ்க்கைகளும் சந்திக்கும் மூட்டு இந்தத் தேதிதான். இது இரண்டு ஆண்டு நகர்ந்தால் திருமண ஆண்டு, பிள்ளைகளின் வயது, ஊர்ச் சொந்தங்கள் அவரைக் கடைசியாகப் பார்த்த காலம் எல்லாம் கூடவே நகர்ந்துவிடும்.

பின்பாதி

ஓடிய ரோசி தெற்கே போகும் லாரி ஒன்றில் ஏறினார். அதை ஓட்டியவரையே பின்னால் மணந்தார். அவர் நாயர். நாகர்கோவிலில் குடியேறி, ராஜம்மாள் என்ற பெயரில் பிள்ளைகளை வளர்த்து, 1988இல் காலமானார் என்று பதிவாகியிருக்கிறது. நடிப்பைப் பற்றி வெளியில் அவர் பேசவில்லை. பிள்ளைகள் நாயர்களாகவே வளர்ந்தார்கள்.

இந்த மௌனத்தை மறதி என்று சொல்லிவிட முடியாது. அதன் பின்னால் கெட்டியான சமூகக் கணக்கு இருந்தது. நாயர்களிடையே அப்போது தாய்வழியாக மரபைக் கணக்கிடும் மருமக்கள்தாய வழக்கு வேரூன்றியிருந்தது. 1925இல் வந்த நாயர் சட்டம் சொத்துரிமையை மாற்றிக்கொண்டிருந்தாலும், பிள்ளை எந்தத் தறவாட்டை, அதாவது தாய்வழிக் குடும்பத்தை, சேர்ந்தது என்பதைத் தாயைக் கொண்டே பார்க்கும் மனப்பழக்கம் ஒரு சட்டத்தால் போய்விடக்கூடியது அல்ல. தகப்பன் நாயராக இருந்தால் மட்டும் பிள்ளை நாயராகிவிட முடியாது. தாயும் நாயராக இருக்க வேண்டும். இல்லையென்றால், தாய் யார் என்ற கேள்வியே எழாமல் இருக்க வேண்டும். நந்தன்கோட்டு ரோசி அந்த வீட்டில் நினைவுகூரப்பட்டிருந்தால் நாகர்கோவில் பிள்ளைகளின் இடம் ஆட்டம் கண்டிருக்கும். அவர் வாய் திறக்காமல் இருந்ததை இப்படிப் புரிந்துகொள்வதே பொருத்தம் என்று நினைக்கிறேன். திரையில் சில நிமிடங்கள் நாயர்ப் பெண்ணாக நடித்ததற்காக விரட்டப்பட்டவர், அதே அடையாளத்தின் நிழலில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் வாழ நேர்ந்தது. இந்த முரணைத் தலித் ஆய்வாளர்கள் பலரும் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள்.

அப்படியானால் கதை எப்படி மீண்டது? அவர் கட்டிய வீட்டுக்குள்ளிருந்து மீளவில்லை. திருவனந்தபுரத்துப் பத்திரிகையாளர் குன்னுகுழி எஸ். மணி 1970களின் தொடக்கத்திலிருந்து ரோசியைப் பற்றித் தேடி எழுதி வந்தார். அவர் நம்பியது ஊர் நினைவை: அக்கம்பக்கத்தார், சமூகத்து மூத்தோர், பிறந்த வீட்டு வழி உறவுகள். இழந்தவர்களுக்கு மறக்கவேண்டிய கட்டாயம் இல்லை. பிறந்த வீட்டுக்கு ரோசியை நினைப்பதால் வந்த நட்டம் எதுவுமில்லை; புகுந்த வீட்டுக்கோ இருந்தது. நினைவு எந்த வீட்டில் தங்கும் என்பதை அன்பு மட்டும் முடிவு செய்வதில்லை, விலையும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

டேனியல் வீட்டில் எரிந்தது

படம் நட்டமடைந்ததும் டேனியல் கருவிகளை விற்றார், நிறுவனத்தை மூடினார். தமிழ்நாட்டில் பல் மருத்துவராகப் பிழைத்தார். கடைசிக் காலம் அகஸ்தீஸ்வரத்தில் வறுமையில் கழிந்தது. 1975 ஏப்ரலில் இறந்தார்.

அவர் வீட்டு நினைவு வேறு வகையில் சேதமானது. ‘விகதகுமாரன்’ படச்சுருளைத் தன் ஆறாம் வயதில் விளையாட்டாக எரித்துவிட்டதாக இளைய மகன் பிற்காலத்தில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சுருள் எரியும்போது எழுந்த நீலச் சுடர் அந்தச் சிறுவனை மயக்கியதாம். அக்காலப் படச்சுருள்கள் நைட்ரேட் வகை. தீப்பொறி பட்டால் பஞ்சாய்ப் பற்றிக்கொள்ளும், பத்திரமாக வைத்தாலும் மெல்ல மெல்லச் சிதையும். படத்தில் இன்று மிஞ்சியவை ஒன்றிரண்டு நிழற்படங்களே. ஆனாலும் இந்த வீட்டில் பேசத் தடை இருக்கவில்லை. கடனும் தோல்வியும் தந்த வெட்கம் இருந்தது, ஆனால் தகப்பனின் பெயரைச் சொன்னால் யாருடைய சாதியும் ஆட்டம் காணாது. அதனால்தான் 1960களில் சினிமா எழுத்தாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் அகஸ்தீஸ்வரத்துக்கு வந்தபோது, டேனியல் தன் வாயாலேயே கதையைச் சொல்ல முடிந்தது.

கோபாலகிருஷ்ணன் டேனியலை மலையாள சினிமாவின் தந்தை என்று நிறுவப் பல ஆண்டுகள் எழுதினார். அரசின் உதவித்தொகைக்கும் முயன்றார். அப்போதுதான் 1956இன் எல்லைக்கோடு குறுக்கே வந்தது. டேனியல் இருப்பது தமிழ்நாட்டில், அவர் கேரளத்துக்காரர் அல்லர் என்ற காரணத்தால் அங்கீகாரம் தள்ளிப்போனது. படம் எடுத்தது திருவனந்தபுரத்தில், திரையிட்டதும் அங்கேதான், பார்த்தவர்கள் பேசியது மலையாளம். ஆனால் ரேஷன் அட்டையின் முகவரி வேறு மாநிலம். தமிழ்நாட்டுக்கும் அவர் கணக்கில் வரவில்லை. அவர் எடுத்தது மலையாளப் படமாயிற்றே! இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1992இல்தான் அவர் பெயரில் கேரள அரசு ஜே.சி. டேனியல் விருதை ஏற்படுத்தியது. இன்று மலையாளத் திரைத்துறையில் வாழ்நாள் சாதனைக்கான உயரிய மாநில விருது அதுவே.

வழக்கு காப்பாற்றிய படம்

காப்பாற்ற வேண்டும் என்று யாரும் நினைக்காத இடத்தில் பொருள் தப்பிப் பிழைப்பதற்கும் இதே குடும்பத்திலிருந்து உதாரணம் உண்டு. டேனியலின் உறவினரான நாகர்கோவில் ஆர். சுந்தர்ராஜ், சி.வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்ட வர்மா’ நாவலைப் படமாக எடுத்தார். 1933இல் அதே கேப்பிட்டல் தியேட்டரில் திரைக்கு வந்தது. நாவலின் உரிமை வைத்திருந்த கமலாலயா புக் டிப்போ வழக்குத் தொடுக்க, படச்சுருள் பறிமுதலாகிப் பதிப்பகத்தின் வசம் போனது. தயாரிப்பாளரை அது ஒடித்துப் போட்டது. ஆனால் பறிமுதலானதாலேயே அந்தச் சுருள் யார் கையிலும் சிக்காமல் கிடந்து, 1974இல் புனேயின் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மலையாள மௌனப் படங்களில் இன்றும் பார்க்கக் கிடைப்பது அது ஒன்றே.

அன்போடு வீட்டில் வைத்திருந்தது எரிந்துபோயிற்று. வழக்கில் பறிபோனது பிழைத்தது. முன்னோரைத் தேடுபவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அவர்களை நேசித்தவர்களின் பெட்டியைப் பார்ப்பது போலவே, அவர்களோடு மல்லுக்கட்டியவர்களின் கோப்பையும் பார்க்க வேண்டும். கடன் கொடுத்தவர், வழக்குப் போட்டவர், வரி கேட்டவர், குற்றம் சாட்டியவர் எல்லாரும் தங்கள் நலனுக்காகத் தாளைப் பத்திரப்படுத்துகிறார்கள்.

தென்திருவிதாங்கூரில் தேடும்போது

இந்தப் பகுதியில் வேர் தேடுகிறவர்கள் சில நடைமுறைகளைத் தெரிந்துகொண்டால் வேலை எளிதாகும். பழைய பத்திரங்களும் நோட்டீசுகளும் கொல்லம் ஆண்டில் இருக்கும். ஆவணி முதல் டிசம்பர் முடிய உள்ள தேதிக்கு 824, ஜனவரி முதல் ஆடி முடிய 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். ‘விகதகுமாரன்’ சர்ச்சையின் இரண்டு தேதிகளும் கொல்லம் 1104, 1106 ஆகிய ஆண்டுகளின் துலாம் மாதத்தில் விழுகின்றன. கன்னியாகுமரி மாவட்டத்தின் பழைய நில ஆவணங்களில் பெரும்பகுதி மலையாளத்தில் எழுதப்பட்டவை. தமிழ் மட்டும் தெரிந்த பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தாவின் ஆதாரத்தைப் படிக்கவே ஆள் வேண்டியிருக்கிறது. திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில் இருக்கும் மத்திய ஆவணக் காப்பகத்தில் சமஸ்தானத்துக் கோப்புகள் உண்டு. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் கைகொடுக்கும்.

ஆனால் இவை யாருக்குக் கைகொடுக்கும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். நிலம் வைத்திருந்தவர் பத்திரத்தில் வருவார், படித்தவர் கல்லூரிப் பதிவேட்டில் வருவார். புல்லறுத்த பெண் இந்த இரண்டிலும் வரமாட்டார். அவர் பெயரே நிலையாக நிற்கவில்லை: ராஜம்மா, ரோசம்மா, ரோசி, ராஜம்மாள். மதம் மாறியபோது ஒன்று, திரைக்காக ஒன்று, தப்பிப் பிழைக்க ஒன்று என்று காலத்துக்கு ஒரு பெயர் ஒட்டிக்கொண்டதாகச் சொல்கிறார்கள். இப்படிப்பட்ட ஒருவரைப் பெயரைக் கொண்டு தேடினால் கிடைக்கமாட்டார். அவரோடு சேர்ந்து ஆடிய கூத்துக் குழு, குடியிருந்த சேரி, அண்டை வீட்டார், ஓடிய பாதை என்று சுற்றியிருந்தவற்றைக் கொண்டுதான் நெருங்க வேண்டும்.

இங்கே அறம் சார்ந்த கேள்வி ஒன்றும் இருக்கிறது. ரோசியின் வழிவந்தவர்கள் எப்படி அறியப்பட விரும்புகிறார்கள் என்பது அவர்கள் உரிமை. முன்னோடியை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறோம் என்ற பெயரில், அவர் தன் பிள்ளைகளுக்காக ஆயுள் முழுதும் கட்டிக்காத்த மறைப்பை நாம் பிய்த்தெறியக் கூடாது. அதற்காக நந்தன்கோட்டுச் சொந்தங்களின் நினைவையும் அமுக்கக் கூடாது. புலையப் பெண்ணின் சாதனையை அவள் சமூகத்திடமிருந்து இரண்டாம் முறை பறித்ததாகிவிடும். முன்பாதியை உரக்கச் சொல்லலாம். பின்பாதியைப் பெயர், முகவரி இல்லாமல் சொன்னாலே போதும்.

இன்று ரோசியின் பெயர் ஊரறிந்தது. வினு ஆபிரகாம் ‘நஷ்ட நாயிகா’ என்று நாவல் எழுதினார். 2013இல் மலையாள இயக்குநர் கமல் எடுத்த ‘செல்லுலாய்ட்’ படம் டேனியலையும் ரோசியையும் வீடுதோறும் கொண்டுசேர்த்தது. மலையாளத் திரைத்துறைப் பெண்கள் கூட்டமைப்பு 2019இல் தன் திரைப்படச் சங்கத்துக்கு ரோசியின் பெயரை வைத்தது. சென்னையில் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் 2022 முதல் பி.கே. ரோசி திரைப்பட விழா நடத்துகிறது. 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் அவர் சித்திரத்தை முகப்பில் வைத்தது. ஆனால் அவருடையது என்று ஐயமற உறுதிப்படுத்தப்பட்ட ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. சுற்றிவரும் படம் அவருடையதுதானா என்ற விவாதம் முடிந்தபாடில்லை.

கொண்டாட்டம் பெருகப் பெருக, விவரமும் கூடவே இறுகிவிடும் ஆபத்து இருக்கிறது. சினிமாவில் பார்த்ததைக் குடும்ப நினைவு என்று சொல்லும் தலைமுறை வந்துவிட்டது. ஆகவே இன்னும் செய்யக் கிடக்கும் வேலை சாதாரணமானது, அவசரமானதும்கூட. நந்தன்கோட்டு மூத்தோர் சொல்வதை ‘செல்லுலாய்ட்’டுக்கு முன் கேட்டது எது, பின் கேட்டது எது என்று பிரித்துப் பதிய வேண்டும். டேனியல் விற்ற நிலத்தின் பத்திரத்தைப் பதிவு அலுவலகத்தில் தேடி, தொகையைச் சரிபார்க்க வேண்டும். திரையிட்ட தேதியை அக்காலப் பத்திரிகை விளம்பரங்களைக் கொண்டு உறுதிசெய்ய வேண்டும். டேனியலுக்கு மாநில விருது இருக்கிறது, அதைக் காக்க அரசும் இருக்கிறது. ரோசிக்கு இருப்பது சிலரின் வாய்மொழி மட்டுமே. அதைச் சொல்லக்கூடியவர்களும் முதியவர்களாகிவிட்டார்கள். முதலில் கேட்க வேண்டியது அவர்களிடம்தான்.